தலையாட்டினால் தம்ளர் வெளியே வரும்

ஞாயிறு, காலை

அன்புள்ள கிரேன் மகாராணிக்கு,

இங்கே நானும் வாலுவும் சுகம். நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் நீயும், உனக்குக் கீழே தொங்கும் கப்பல் பெட்டிகளும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம், இதில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது வாலு என் மடியில் இருக்கிறாள். ஐந்து வயதுக்கு அவள் காது ரொம்பக் கூர்மை. அதோடு, நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டுவிடுவாய். பதில் சொல்லச் சொல்ல விஷயம் எங்கேயோ போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

விஷயம் வாலு தலையாட்டுவதைப் பற்றியது. அதை நிறுத்துவதாக உனக்கு வாக்குக் கொடுத்தேன், நிறுத்தியும் காட்டினேன். இப்போது அந்த வாக்கை நானே மீறிவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த ஸ்டார் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் இடது கண்ணில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். புதன்கிழமை கண் மருத்துவரிடம் போகிறோம். பயப்படாதே என்று எழுதினால் நீ பயப்படுவாய், அதனால் அதை எழுதவில்லை. கடைசி வரை படித்துவிட்டுக் கூப்பிடு.

நாலு மாதத்துக்கு முன் நீதான் முதலில் கவனித்தாய். போனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இவள் தலை பக்கவாட்டில் ஆடுகிறதே, என்னவென்று பாருங்கள் என்றாய். அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன். சாப்பிடும்போது ஆட்டுகிறாள், படி இறங்கும் முன் ஆட்டுகிறாள், பென்சிலை எடுக்கும் முன் ஆட்டுகிறாள். இல்லை என்று மறுக்கிற ஆட்டம் இல்லை அது. முகம் திரும்பாமல், தலை மட்டும் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். வகுப்பு டீச்சரும் டைரியில் எழுதியனுப்பினார். உன் அக்கா ஒரு நாள் வந்தவள், பையைக் கீழே வைப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இது அம்மா இல்லாத ஏக்கம். பிள்ளைங்க இப்படித்தான் எதையாவது பிடிச்சுக்கும்." என்னிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னிடமும் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று நீ அன்று அழுதது எனக்கு மறக்கவில்லை. நான்தான் வீராப்பாக, ஒரே மாதத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன்.

நிறுத்தினேன். தலையாட்டாமல் ஒரு வேளை சாப்பிட்டால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு கலர் பென்சில். உனக்கு அவளைத் தெரியுமே, கலர் பென்சில் என்றால் மூச்சைக்கூட நிறுத்திக்கொள்வாள். மூன்றாவது வாரம் சிலை மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டாள். போனில் உன்னிடம் அசையாமல் பேசினாள். "பார்த்தீங்களா, சரியாயிடுச்சு" என்று நீ சிரித்தாய். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியைத்தான் உன்னிடம் சொன்னேன். பாலைத் தட்டிவிட ஆரம்பித்தாள். தம்ளரை எடுக்கப் போனால் கை அதற்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் இடித்துத் தள்ளும். பந்து போட்டால் முகத்தில் வாங்கினாள். மோவாயில் அடிபட்டதே, அது நான் சொன்னது போல ஓடிப்பிடித்து விளையாடும்போது இல்லை. நம் மாடிப்படியின் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்து விழுந்தாள். அன்று நான் அவளைத் திட்டினேன். "கண்ணை எங்க வெச்சிட்டு நடக்கற?" என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்று நினைக்காதே, சம்பந்தம் இருக்கிறது.

வீடு வீடாகப் போய்ப் படம் பிடிக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். விற்பனைக்கு வரும் வீடுகளில் ஒரு கோலின் நுனியில் கேமராவை மாட்டிக்கொண்டு நடப்பேன். அதைக் கணினியில் போட்டால் வீடே அச்சாக உள்ளே எழுந்து நிற்கும். அறை எத்தனை அடி, ஜன்னல் எவ்வளவு உயரம், எல்லாம் அதிலேயே அளக்கலாம். கேமரா ஒன்றே ஒன்றுதான். அந்தப் படங்களை இணைக்கிறவரை அலுவலகத்தில் தையல்காரம்மா என்போம். உன் வயதுதான் இருக்கும், வாய் உன்னைவிட ஒரு முழம் அதிகம்.

முதல் நாள் நான் ரொம்பச் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தேன். நடந்து காலை வலிக்க வைப்பானேன் என்று ஒவ்வொரு அறையிலும் நட்ட நடுவில் நின்று, கோலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு மூலை விடவில்லை. அரை மணி நேரத்தில் முழு வீடும் முடிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். கணினியில் வீடு வரவில்லை. கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஒரு உருண்டை வந்தது. தையல்காரம்மா என்னைக் கூப்பிட்டு, "நின்ன இடத்துலயே சுத்துனீங்களா?" என்று கேட்டார். ஆமாம், எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேனே என்றேன். "எல்லாத்தையும் எடுத்தீங்க. எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு என்னை ஜன்னலோரம் நிறுத்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி, எதிர்க் கட்டடத்தின் மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வைக்கச் சொன்னார். இப்போது தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள் என்றார். விரல் சட்டென்று ஓடியது, ஜன்னல் கம்பி அதைவிட மெதுவாக, தொட்டி நகர்ந்ததா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு. "பக்கத்துல இருக்கறது வேகமா ஓடும், தூரத்துல இருக்கறது மெல்ல ஓடும். எது எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பார்த்துத்தான் இந்த மிஷின் தூரம் கண்டுபிடிக்குது. நின்ன இடத்துல சுத்துனா எல்லாம் ஒரே வேகத்துல ஓடும், அதுக்கு ஒண்ணும் புரியாது. ஓரடியாவது நகரணும்."

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள். பேருந்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறேன். விளக்குக் கம்பங்கள் ஓடுகின்றன, அதற்குப் பின்னால் கடைகள் நடக்கின்றன, அதற்கும் பின்னால் குன்று நின்று வேடிக்கை பார்க்கிறது. முப்பத்தாறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. வீடுகளில் நடைவழியில் நடக்கும்போது இன்னொன்று கண்டுபிடித்தேன். நாம் எதை நோக்கி நடக்கிறோமோ அந்த ஒரு புள்ளி மட்டும் அசையாது. மற்றதெல்லாம் அதிலிருந்து பிரிந்து பிரிந்து ஓரத்துக்கு ஓடும். தையல்காரம்மாவிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். "அது எங்க எல்லாருக்கும் தெரியும், நீங்க அந்தக் குளியலறையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றார். குளியலறைச் சுவர் முழுக்க வெறும் வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லாத சுவரில் எது ஓடுகிறது என்று மிஷினுக்குத் தெரியாதாம், அங்கே சுவரே இல்லை, பெரிய ஓட்டை என்று முடிவு கட்டியிருந்தது. மஞ்சள் துண்டுக் காகிதங்களை அங்கங்கே ஒட்டி மறுபடி எடுத்தேன். பிறகு அவற்றைப் பிய்க்க மறந்துவிட்டேன், வீட்டுக்காரர் போன் பண்ணி இது என்ன வேண்டுதலா என்று கேட்டார்.

இவ்வளவு கற்றுக்கொண்ட எனக்கு, வீட்டில் என் எதிரே உட்கார்ந்து பால் குடிக்கிறவளைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. மூன்று மாதம்!

போன வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனாவை அதன் மூடிக்குள் செருக முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் செய்து பார், கையை முழுதாக நீட்டிச் செய்ய வேண்டும். இரண்டு தடவை காற்றில் குத்தினேன். மூன்றாவது தடவை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் செருகினேன், சரியாகப் போய்ச் சேர்ந்தது. எதிரே வாலு பாலை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ரொம்பக் கறாராக, "அப்பா, நீ தலையாட்டிட்ட. உனக்கு இன்னைக்கு ஸ்டார் கிடையாது" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அவளை ஒரு கேள்வி கேட்டேன், நாலு மாதத்துக்கு முன்பே நாம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நீ எதுக்குடா கண்ணு ஆட்டின என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஆட்டுனாதான் தம்ளர் வெளிய வரும்" என்றாள். ஆட்டாவிட்டால்? "எல்லாம் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். படம் மாதிரி."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கடற்கொள்ளைக்காரன் விளையாட்டு என்று சொல்லி ஒரு கைக்குட்டையால் அவள் இடது கண்ணைக் கட்டினேன். ஒன்றும் வித்தியாசமில்லை, மேசையைச் சுற்றி ஓடினாள், காலண்டரில் தேதியைப் படித்தாள். பிறகு கைக்குட்டையை வலது கண்ணுக்கு மாற்றினேன். அப்படியே நின்றுவிட்டாள். கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, புகை போடாத" என்றாள்.

அவளுக்குத் தூரம் காட்ட இருப்பது ஒரு கண்தான். ஒற்றைக் கேமரா. அதற்கு அவளே கண்டுபிடித்த வழி அந்தத் தலையாட்டல், யாரும் சொல்லிக்கொடுக்காமல். அதைத்தான் நான் கலர் பென்சில் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டேன். தண்டனை கொடுத்திருந்தால் அவள் எதிர்த்தாவது இருப்பாள். பரிசு கொடுத்ததால் ஒத்துழைத்தாள்.

மீதி, மருத்துவரைப் பார்த்த பிறகு.

வியாழன், மதியம்

நேற்று இரண்டு மணி நேரம் கண் மருத்துவமனையில். மருத்துவர் பெண்மணி, பேச்சில் சிக்கனம். வாலு எழுத்துப் பலகையைப் பார்த்தாள், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள், ஒரு பெட்டிக்குள் எட்டிப்பார்த்து உள்ளே வீடு தெரிகிறது என்றாள். இதற்கும் ஒரு கண்தானா என்று அந்தப் பெட்டியைப் பற்றி விசாரித்தாள்.

முடிவை அப்படியே எழுதுகிறேன். இடது கண்ணில் பிறவியிலேயே பவர் மிக அதிகம். வலது கண் ஏறத்தாழ சரி. ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் கலங்கலாகவும் அனுப்பினால், மூளை கலங்கலை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளுமாம். கண்ணுக்குள் நோய் எதுவும் இல்லை. "கண்ணு பார்க்குது, மூளை அதைக் கேக்கறதில்ல, அவ்வளவுதான்" என்றார். முதலில் கண்ணாடி, எப்போதும் போட்டிருக்க வேண்டும். சில வாரம் கழித்து நல்ல கண்ணில் ஒட்டுப் போட்டு மறைத்து, தினம் இரண்டு மணி நேரம் இடது கண்ணை வேலை வாங்க வேண்டும். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, நிறையத் திரும்பலாம், ஆனால் ஏழெட்டு வயது தாண்டியிருந்தால் ரொம்பக் கஷ்டமாகியிருக்கும் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இனி அந்தப் பழமொழியை என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஸ்டார் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். "இனிமே ஆட்டட்டும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது நீ நன்றாகக் கேள், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் அவரிடம் தனியாகக் கேட்டேன், அம்மா பதினோரு மாதமாக வெளிநாட்டில் வேலை செய்கிறாள், அந்த ஏக்கத்தால் இப்படி வருமா என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, பவர் கண்ணில் இருக்கிறது, நீங்கள் எல்லாரும் ஒரே கட்டிலில் தூங்கினாலும் இருந்திருக்கும் என்றார். உன் அக்காவுக்கும் இதைப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் ஆசையாகவே சொன்னேன். அவள் அழுதாள், பிறகு வாலுவுக்கு எந்த நிற ஃபிரேம் பிடிக்கும் என்று கேட்டாள். பச்சை. சனிக்கிழமை கைக்கு வரும்.

யோசித்துப் பார்த்தால் உனக்கு இதெல்லாம் புதிதே இல்லை. கூண்டிலிருந்து நேராகக் கீழே பார்த்தால் பெட்டி தரையில் ஒட்டிய மாதிரி தெரியும், கொஞ்சம் இப்படி அப்படிச் சாய்ந்து பார்த்தால்தான் இன்னும் ஓர் ஆள் உயரம் இறக்க வேண்டும் என்று தெரியும் என்று நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். உன் மேற்பார்வையாளர் உனக்கு ஸ்டார் அட்டை ஒட்டினாரா? இல்லையே. நம் பெண் உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

டீச்சரிடம் இன்று காலை பேசினேன். நல்ல மனுஷி, டைரியில் எழுதியதற்கு வருத்தப்பட்டார். முன் வரிசையில் இடம் மாற்றியிருக்கிறார். வாலு மறுபடி ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் என்னைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து, திருட்டுத்தனமாக. ஆட்டு என்று சொன்ன பிறகும் நம்பவில்லை, நானும் சேர்ந்து ஆட்டினேன். இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே ஆடிக்கொண்டே சாப்பிட்டோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். பால் சிந்தவில்லை.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தாய். அதை இந்தக் கடிதத்தில் கலக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கூண்டுக்கு ஏற நீ எத்தனை வருடம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நேற்று மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாம் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தாள். கம்பம் வருது, கடை வருது, நாய் வருது. பிறகு திடீரென்று என்னிடம் திரும்பி, "அம்மா மட்டும் எவ்ளோ ஆட்டுனாலும் வெளிய வரவே இல்லப்பா" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். நீ போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்து பேசுகிறாய். இங்கே இவள் தலையை ஆட்டுகிறாள். தம்ளர் நகரும், நாற்காலி நகரும். திரைக்குள் நீயும் உனக்குப் பின்னாலிருக்கும் அலமாரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டே இருப்பீர்கள். அதனால் இன்னும் அதிகமாக ஆட்டியிருக்கிறாள். நீ பார்த்துப் பயந்தது அதைத்தான். நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று அவள் அளந்துகொண்டிருந்திருக்கிறாள்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்தோம். கூடத்தில் அவளிடம் உன் பழைய போன், சமையலறையில் நான். போனைச் சுவரில் சாய்த்துப் பேசினேன்; அப்பா படம் மாதிரி இருக்கு என்று கத்தினாள். பிறகு போனைக் கையில் எடுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்த்தி, திரும்பக் கொண்டுவந்தேன். எனக்குப் பின்னால் சமையலறை அலமாரி ஓடியிருக்க வேண்டும், கூடத்திலிருந்து ஒரு கூச்சல்: "வந்துட்ட! அப்பா, வெளிய வந்துட்ட!"

அதனால் இன்று சாயங்காலம் கூப்பிடும்போது போனைச் சுவரில் சாய்க்காதே. கையில் பிடி. முகத்தைத் திருப்பாமல் போனை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக, பெட்டியை இறக்குகிற நிதானத்தோடு நகர்த்து. அவள் அவசரப்படுத்துவாள், நீ அவசரப்படாதே. அவள் தலையாட்டினால் ஆட்ட விடு. மறந்தும் "ஆட்டாதே" என்று சொல்லிவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஏணியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதே. சாயங்காலம் மட்டும் அழாதே, நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அழுதால் உன் கை நடுங்கும், படம் கலங்கும், அவளுக்கு நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று தெரியாமல் போய்விடும்.

உன்,
வாலுவின் அப்பா